ஏர்பிரஷ்ஷை எப்போது துடைப்பது, எப்போது பிரிப்பது?

கேள்வி: ஸ்கேல் மாடல்களுக்கு வண்ணம் அடிப்பது என் பொழுதுபோக்கு. மேலே கிண்ணம் வைத்த டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளியே வரும் சின்ன மூக்கு). பெரும்பாலும் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக்தான் அடிக்கிறேன். வாங்கியபோதே, “இதைச் சுத்தமாக வைத்துக்கொண்டால்தான் ஓடும்” என்று பயமுறுத்திவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு முறை அடித்து முடித்ததும் மொத்தத்தையும் பிரித்து, இரவு முழுக்கக் கிளீனரில் ஊறப்போட்டு, காலையில் துடைத்து மாட்டுகிறேன். அரை மணி நேரம் அடிப்பதற்கு ஒரு மணி நேரம் கழுவ வேண்டியிருக்கிறது. அலுத்துப்போய்ச் சில நாள் எடுப்பதே இல்லை. ஏற்கெனவே ஒரு நாசில் மரையோடு முறிந்துவிட்டது. இப்போது இருப்பதிலும் கிண்ணத்தில் குமிழி வருகிறது. கோடு இடப்பக்கமாக ஒதுங்குகிறது. டிரிகரும் கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது. என் நண்பர் ஒருவர் கடைசியில் தண்ணீர் ஊற்றி அடித்துவிட்டு அப்படியே மாட்டி வைத்துவிடுவார். அவருடையது ஒழுங்காக ஓடுகிறது. எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் சார்? அல்ட்ராசானிக் கிளீனர் ஒன்று வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: உங்கள் நண்பர் செய்வது கொஞ்சம் குறைவு. நீங்கள் செய்வது ரொம்பவே அதிகம். இரண்டில் ஒன்றைத்தான் பின்பற்ற வேண்டும் என்றால் நண்பர் வழியையே சொல்வேன். பழுதுபார்க்க என் மேஜைக்கு வருகிறவற்றில் பெயிண்ட் காய்ந்து அடைத்தவை உண்டு. அவற்றைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மீட்க முடியாதவை வேறு வகை: முனை கொக்கிபோல மடங்கிய ஊசி, வாய் விரிந்த நாசில், தலைக்குள்ளேயே முறிந்து நிற்கும் மரை, ஊறி உப்பிய ஓ-ரிங். இவற்றில் ஒன்றுகூட அடிக்கும்போது நடந்ததாக இருக்காது. எல்லாம் கழுவும் மேஜையில் நடந்தவை. உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று கோளாறுகளும் இந்த வகைதான் என்று சந்தேகிக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

“எத்தனை நாளைக்கு ஒரு முறை” என்று நாள் கணக்கில் கேட்டிருக்கிறீர்கள். ஏர்பிரஷ்ஷுக்கு நாள் கணக்கு ஒத்துவராது, நிமிடக் கணக்குதான். காரணம் பெயிண்டில் இருக்கிறது. அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள். தண்ணீர் ஆவியாகும்போது அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, ஒட்டி, ஒரே ஏடாகிவிடும். ஏடாவதற்கு முன்னால் வெறும் தண்ணீரே அதைக் கழுவிவிடும். ஏடான பிறகு அதே தண்ணீரில் நாள் முழுக்க ஊறினாலும் கரையாது. கிளீனர், தின்னர் என்று போக வேண்டியதுதான். ஆக, ஈரமாக இருக்கும்போது பத்து விநாடி செலவழித்தால், காய்ந்த பிறகு ஒரு மணி நேரம் மிச்சம். நீங்கள் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறாமல் கொடுக்கிறீர்கள். அடிக்கும் அரை மணி நேரத்துக்குள் அந்தப் பத்து விநாடிகளைக் கொடுத்தீர்களா என்பது கடிதத்தில் இல்லை. கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நாசிலுக்குள் ஓடி அதன் வாயை மூடித் திறக்கும் ஊசியின் முனையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். டிரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். காற்று நாசிலைச் சுற்றி வந்து, முன்னால் இருக்கும் நாசில் கேப்பின் துளை வழியாகச் சீறிப் போகிறது. அந்த வேகத்தால் நாசில் வாயில் அழுத்தம் குறைகிறது; பெயிண்ட் வெளியே உறிஞ்சப்படுகிறது. வெளியே வந்த பெயிண்ட், நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி முனையின் மேல் வழுக்கிப் போய்த்தான் சிதறுகிறது. அதாவது ஈரமான ஒரு கம்பி முனையின் மேல் இடைவிடாமல் காற்றடித்துக்கொண்டே இருக்கிறோம். அது காயாமல் என்ன செய்யும்? ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், சில நிமிடங்களிலேயே முனையைச் சுற்றி ஒரு சின்ன வளையம் படிந்திருப்பது தெரியும். முதலில் கோடு தடுமாறும். பிறகு பெயிண்ட் வருவது குறையும். நீங்கள் டிரிகரை இன்னும் இழுப்பீர்கள். திடீரென்று அந்தத் துணுக்கு பெயர்ந்து, மாடலின் மேல் ஒரு சொட்டாகத் துப்பும். இதைத்தான் பலரும் “நாசில் அடைத்துவிட்டது” என்று சொல்லி அப்போதே பிரிக்க ஆரம்பிக்கிறார்கள். நாசிலில் ஒன்றும் இருக்காது. முனையில்தான் இருக்கும்.

இதற்கு வைத்தியம் சின்னது. பக்கத்தில் ஒரு பழைய மென்மையான தூரிகையை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கிளீனரும் கலந்த சிறு கிண்ணத்தில் அதை நனைத்து, காற்றை நிறுத்திவிட்டு, முனையை மெதுவாக ஒரு தடவு. பிறகு மாடலை விட்டு அப்பால் திருப்பி, டிஷ்யூவில் ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். வெள்ளை, மஞ்சள் போன்ற நிறங்களுக்கு இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்; அவற்றில் நிறமி கனம். நன்றாக மெலிதாக்கிய நிறங்களுக்கு அவ்வளவு வேண்டாம். பெயிண்டில் ஓரிரு சொட்டு ரிடார்டரோ ஃப்ளோ இம்ப்ரூவரோ கலந்தால் காய்வது தள்ளிப்போகும். கலந்தாலும் துடைப்பது முழுதாக நின்றுவிடாது; இடைவெளிதான் கூடும்.

இன்னொரு பழக்கம்: கையை எடுக்கும்போது ஊசியை முதலில் மூடுங்கள், காற்றை அப்புறம் நிறுத்துங்கள். டிரிகரை முன்னால் விட்டு, அதன் பிறகு விரலை மேலே எடுப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் வாயில் ஒரு துளி பெயிண்ட் தங்கிவிடும். அடுத்த தடவை அழுத்தும்போது அதுதான் முதலில் தெறிக்கும். இதைச் சுத்தம் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். கையில் இந்தப் பழக்கம் வந்தவர்களின் ஏர்பிரஷ் பழுதுக்கு வருவது அபூர்வம்.

போன் அடித்தது, காலிங் பெல் அடித்தது என்று கிண்ணத்தில் பெயிண்டோடு வைத்துவிட்டுப் போகாதீர்கள். நிச்சயம் உடனே திரும்பி வருவீர்கள் என்றால் கிண்ணத்தை மூடி, முனையைச் சொட்டத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போகலாம். எப்போது வருவீர்கள் என்று தெரியாவிட்டால் பெயிண்டைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். கொட்டிய பெயிண்டை நினைத்து வருத்தப்படாதீர்கள், ஒரு நாசிலின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

நிறம் மாற்றும்போது பிரிக்கவே வேண்டாம். மீதியைக் கொட்டி, கிண்ணத்தின் உட்புறத்தை டிஷ்யூவால் துடைத்து, தண்ணீரோ கிளீனரோ அரைக் கிண்ணம் ஊற்றித் தூரிகையால் அலசி, அடித்து வெளியேற்றுங்கள். வெள்ளை டிஷ்யூவில் நிறம் தெரியாமல் போகும் வரை. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகிறீர்கள் என்றால் இதில் பாதியே போதும். கறுப்பு அடித்துவிட்டு வெள்ளைக்கு வருகிறீர்கள் என்றால் நாசில் கேப்பையும் கழற்றி உள்ளே துடைத்துவிடுங்கள்; கேப்பின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும் கறுப்பு, வெள்ளை பாதி அடித்த பிறகுதான் வெளியே வரும். முடிந்தவரை அன்றைய வேலையை வெளிரிலிருந்து அடர்வுக்கு என்று வரிசைப்படுத்திக்கொண்டால் பாதிக் கழுவல் தானாகவே குறைந்துவிடும்.

அன்றைய வேலை முடிந்ததும் செய்வதுதான் முக்கியமான கழுவல். ஐந்து நிமிடம் ஆகும். பழகிவிட்டால் அதுவும் ஆகாது.

பெயிண்டைக் கொட்டித் துடையுங்கள். கிளீனர் கொஞ்சம் ஊற்றி, தூரிகையால் கிண்ணத்தின் அடியைத் தேயுங்கள், முக்கியமாக ஊசி நுழைந்து போகும் அந்தப் பள்ளத்தை. பக்கச் சுவர்களை எல்லாரும் பளபளவென்று துடைப்பார்கள், பள்ளத்தை விட்டுவிடுவார்கள். பெயிண்ட் சேர்வது பள்ளத்தில்தான். அடித்து வெளியேற்றிய பிறகு இன்னும் கொஞ்சம் கிளீனர் ஊற்றி, கம்பிரசர் அழுத்தத்தைக் குறைத்து, மடித்த துணியால் முன் வாயை மூடிக்கொண்டு டிரிகரைக் குட்டிக் குட்டியாக இழுங்கள். காற்று வெளியேற வழியில்லாமல் பின்னால் திரும்பி, கிண்ணத்தில் குமிழி விடும். நாசிலுக்குள் இருக்கும் மிச்சம் மேலே வரும். கிண்ணம் நிறைய வைத்துக்கொண்டு இதைச் செய்தால் முகத்தில் தெறிக்கும், ஆகவே கால் கிண்ணத்துக்கு மேல் வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு முறை போதும். சிலர் இதையே விளையாட்டுப்போல நிமிடக்கணக்கில் செய்வார்கள். அப்போது அழுக்கு பின்பக்கம் பேக்கிங் வரை, அதாவது பெயிண்ட் பின்னால் கசியாமல் ஊசியைச் சுற்றி அடைத்திருக்கும் வளையம் வரை, தள்ளப்படும்.

கடைசியாகச் சுத்தமான கிளீனரை அடித்து, டிஷ்யூவில் நிறமில்லை என்று தெரிந்த பிறகு, ஊசி. கவனியுங்கள், கழுவிய பிறகுதான் ஊசி. கிண்ணத்தில் பெயிண்ட் இருக்கும்போதே ஊசியைப் பின்னால் உருவினால், அதில் படிந்திருக்கும் பெயிண்ட் அத்தனையும் பேக்கிங்குக்குள்ளும் டிரிகர் இருக்கும் இடத்துக்குள்ளும் இழுபட்டுப் போகும். உங்கள் டிரிகர் கரகரப்பதற்கு முதல் காரணம் இதுவாக இருக்கலாம்.

கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, நேராகப் பின்னால் உருவுங்கள். கிளீனர் நனைத்த டிஷ்யூவுக்குள் ஊசியை வைத்து, பின்பக்கத்திலிருந்து முனையை நோக்கி, சுழற்றிக்கொண்டே இழுங்கள். முனையிலிருந்து பின்னோக்கித் துடைத்தால் நூலிழை முனையில் மாட்டும், மாட்டினால் வளையும். திரும்பச் செருகும்போது கை பதமாக இருக்கட்டும். ஊசி நாசிலைத் தொட்டதும் ஒரு மெல்லிய தடை தெரியும். அங்கேயே நிறுத்தி நட்டை முடுக்குங்கள். “நன்றாக மூடட்டும்” என்று ஒரு அழுத்து அழுத்துவீர்கள் பாருங்கள், அந்த ஒரு அழுத்தில்தான் நாசில் வாய் விரிகிறது. கூம்பு வடிவ எஃகு ஊசியை மெல்லிய உலோக வாய்க்குள் ஆப்புபோல இறக்கினால் விரியாமல் என்ன செய்யும்?

நாசில் கேப்பைக் கழற்றி, காட்டன் பட்ஸால் உள்ளே ஒரு சுற்று. அவ்வளவுதான். மாட்டி வைத்துவிடலாம். நாசிலைத் தொடவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

நாசிலைக் கழற்றுவதற்கு நாள் குறிக்காதீர்கள். அது கேட்கும்போது கழற்றுங்கள். எப்படிக் கேட்கும்? முனையைத் துடைத்தும் துப்பல் நிற்காதபோது. கழுவி முடித்த பிறகும் டிரிகரை வழக்கத்தைவிட அதிகம் இழுத்தால்தான் பெயிண்ட் வருகிறது என்னும்போது. பின்னோக்கிக் குமிழி விட்டு எடுத்தும் பழைய நிறம் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும்போது. வாரக் கடைசியில் மட்டும் அடிக்கிற ஒருவருக்கு, மேலே சொன்ன ஐந்து நிமிடத்தை ஒழுங்காகச் செய்தால், மாதம் ஒன்றோ இரண்டோ போன பிறகு ஒரு தடவை கழற்றுவதே தாராளம்.

நாசிலில் இரண்டு வகை. ஒன்று மரையுள்ளது, சிறு சாவி போட்டுத் திருக வேண்டும். இன்னொன்று மரையில்லாமல் தலைக்குள் சும்மா உட்கார்ந்து, கேப்பை முடுக்கும்போது தானாக நடுவில் அமர்வது. இரண்டாவது வகைக்குச் சாவி கிடையாது, ஆகவே முறிவதும் குறைவு. உங்களுடையது மரை வகை. அந்த மரையின் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை முறிந்த துண்டைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். சாவி பெரும்பாலும் கழற்றுவதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது விரலால் திருகி, நின்ற இடத்திலிருந்து சாவியால் ஒரு துளி முடுக்கு. ஊசி உள்ளே இருக்கும்போது நாசிலைக் கழற்றவும் கூடாது, மாட்டவும் கூடாது. முதலில் ஊசியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும்.

கழற்றிய நாசிலை மட்டும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் தின்னரில் போட்டு வையுங்கள், சில நிமிடங்களுக்கு. ஏடு இளகிவிடும். பிறகு பின்பக்க அகல வாய் வழியாக, நனைத்த டிஷ்யூவை முறுக்கி நுழைத்தோ, பல்லிடுக்குத் தூரிகையின் மிக மெல்லியதை நுழைத்தோ சுழற்றி எடுங்கள். போகும் வரை போகட்டும், தள்ளாதீர்கள். குண்டூசி, கம்பி, கிடார் நரம்பு எதையும் முன்வாயில் விடாதீர்கள். நாசிலின் உட்புறத்தைச் சுரண்டுவதற்கென்று விற்கிற ரீமர்கூட எனக்குப் பிடிக்காத சாமான்தான். அதை மென்மையாகப் பயன்படுத்தத் தெரிந்த கைக்கு அது தேவைப்படாது.

முடிந்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். நடுவில் ஒரு பிரகாசமான புள்ளி, சுற்றிலும் கோடு போட்டதுபோன்ற வட்டம் தெரிய வேண்டும். புள்ளி முட்டை வடிவமாக இருந்தாலோ, விளிம்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ எந்தக் கிளீனராலும் பயனில்லை. புதிது வாங்க வேண்டியதுதான்.

இனி ஊறப்போடுவதைப் பற்றி. இரவு முழுக்க ஊறப்போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். முழு உடலையும் ஊறவைத்தால் காற்று வால்வுக்குள் கிளீனர் போய் அங்குள்ள மசகைக் கழுவிவிடும். ஸ்பிரிங்கில் ஈரம் நின்று துருப்பிடிக்கும். ரப்பர் ஓ-ரிங் உப்பும். வால்வுக்கும் பெயிண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பக்கம் போவது காற்று மட்டும்தான், அதைக் கழுவ ஒன்றுமில்லை. நீங்கள் வாங்கிய கிளீனரில் அம்மோனியா இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அது உண்டு. ஏர்பிரஷ்ஷின் உடல் பெரும்பாலும் பித்தளை, மேலே குரோமோ நிக்கலோ பூசியது. பூச்சு தேய்ந்த இடத்தில் அம்மோனியா பித்தளையை அரிக்கும். ஊற்றி அலசி அடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது. இரவு முழுக்க என்றால் கிண்ணத்தின் உட்புறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும். இப்போதே தெரிகிறதா என்று பாருங்கள்.

எந்தத் திரவம் நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது தெரியாமல் மேலே சொன்னது எதுவும் உதவாது. எல்லா அக்ரிலிக்கும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. சில அக்ரிலிக்குகள் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அழகாகக் கரையும். வேறு சில அதே ஆல்கஹால் பட்டதும் திரிந்து, ரப்பர் பசைபோல நூல்விடும். அதை நாசிலுக்குள் நடக்கவிட்டால் கழுவப் போய் அடைத்த கதைதான். ஒரு கண்ணாடித் துண்டில் பெயிண்ட் ஒரு சொட்டு, பக்கத்தில் திரவம் ஒரு சொட்டு விட்டு, குச்சியால் கலந்து பாருங்கள். மெலிந்து ஓடினால் சரி. திரிந்து உருண்டால் அந்த இரண்டையும் ஏர்பிரஷ்ஷுக்குள் சந்திக்க விடாதீர்கள். முதலில் தண்ணீரால் பெயிண்டை முழுதாக வெளியேற்றிவிட்டு அதற்குப் பிறகுதான் ஆல்கஹால். லாக்கர் தின்னருக்கும் இதே வரிசைதான். காய்ந்த ஏட்டை உரிப்பதில் அது கெட்டிக்காரன், உலோகத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் சாதாரண ரப்பர் வளையங்களை உப்ப வைத்துவிடும். டெஃப்லான் பேக்கிங் உள்ள மாடல்களுக்கு அந்தப் பயம் இல்லை. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று அதோடு வந்த பாகப் படத்தில் போட்டிருக்கும்.

தின்னரோ ஆல்கஹாலோ அடிக்கும்போது காற்றோட்டம் வேண்டும், தீப்பொறி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது, முகத்தில் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் இருக்க வேண்டும். தூசுக்குப் போடும் துணி மாஸ்க் ஆவியை நிறுத்தாது. திறந்த வெளியில் காற்றில் அடித்து வீணாக்குவதற்குப் பதில், வடிகட்டி வைத்த கண்ணாடிச் சாடி ஒன்று கிடைக்கும், அதற்குள் அடித்துவிடுங்கள். வாங்க வேண்டுமென்றால் அல்ட்ராசானிக்குக்கு முன்னால் அதை வாங்கலாம்.

அல்ட்ராசானிக் பற்றி: உங்களுக்கு வேண்டாம். தினமும் அடித்து, பல ஏர்பிரஷ்களை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். அவர்களும் ரப்பர் பாகங்களைக் கழற்றிவிட்டு, உலோகப் பாகங்களை மட்டும், சோப்புக் கரைசல் கலந்த தண்ணீரில், சில நிமிடங்கள்தான் போடுவார்கள். நாசிலைத் தனி வலைக் கூடையில் வைக்காவிட்டால் மற்ற பாகங்களோடு உரசி வாய் நசுங்கும். பூச்சு ஏற்கெனவே எழும்பியிருந்தால் இன்னும் உரியும். தொட்டியில் ஆல்கஹாலோ தின்னரோ ஊற்றிவிடவே கூடாது. அது சூடாகும் கருவி, ஆவி பற்றிக்கொள்ளும்.

இதுவரை சொன்னது சாதாரண அக்ரிலிக்குக்கு. சில சரக்குகள் இந்தச் சலுகைக்கு அடங்காது.

மெட்டாலிக் அடித்த அன்று நாசிலையும் கழற்றிவிடுங்கள். அந்த மினுமினுப்பு என்பது கரையாத தகட்டுத் துணுக்குகள். அடித்துக் கழுவினாலும் மூலையில் நாலு துணுக்கு ஒட்டியிருக்கும், அடுத்து நீங்கள் மேட் பச்சை அடிக்கும்போது டாங்கியின் முதுகில் நட்சத்திரம் மின்னும். இது தொடர்ந்து தொல்லை கொடுத்தால் மெட்டாலிக்குக்கு என்றே ஒரு பழைய ஏர்பிரஷ்ஷை ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல யோசனைதான்.

பிரைமர் என்ற அடிப்பூச்சு, குறிப்பாகப் பாலியூரித்தேன் கலந்தது, காய்ந்தால் ரப்பர் தோல்போல உரியும். அதற்கும் அன்றே முழுக் கழுவல்.

வார்னிஷ்தான் எல்லாவற்றையும்விடக் கள்ளத்தனமானது. நிறமில்லை என்பதால் டிஷ்யூ முதல் அடியிலேயே சுத்தமாகத் தெரியும். கழுவி முடிந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவீர்கள். அடுத்த வாரம் ஊசி அசையாது. நல்லா ஓடிய ஏர்பிரஷ் திடீரென்று இறுகிப்போய்விட்டது என்று வருகிறவர்களிடம் கடைசியாக என்ன அடித்தீர்கள் என்று கேட்டால், பாதிக்கு மேல் பதில் வார்னிஷ்தான். கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள்: துடைத்த ஊசியின் நடுத்தண்டை இரண்டு விரலால் உருட்டினால் பிசுபிசுப்பு இருக்கக்கூடாது.

லாக்கர் பெயிண்ட் காய்ந்தாலும் தன் தின்னரிலேயே மறுபடி கரையும். மன்னிக்கும் குணம் உள்ளது. எனாமல் மெதுவாகக் காய்வதால் அன்றைக்கு ஒயிட் ஸ்பிரிட்டில் எளிதாகப் போகும், நாளாக ஆகக் கெட்டிப்படும். ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக பெயிண்டுக்கு மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. அது காய்வதில்லை, வேதிவினையில் இறுகுகிறது. இறுகிய பிறகு தின்னர் அதைக் கரைக்காது. டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடித்து, கழுவி, பிரித்து முடித்துவிட வேண்டும். அதன் ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். வீட்டு அறையில், பொழுதுபோக்காக அடிக்க வேண்டிய பொருளே அல்ல அது.

இப்போது உங்கள் மூன்று கோளாறுகளும்.

குமிழி: கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, டிரிகரை இழுக்காமல் அழுத்த மட்டும் செய்யுங்கள். ஊசி மூடியிருக்கும்போதே குமிழி வந்தால், காற்று நாசில் அமரும் இடத்தின் வழியாகப் பெயிண்ட் பாதைக்குள் கசிகிறது. நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது மரையில் காய்ந்த பெயிண்ட் இருக்கிறது, அல்லது நாசிலே வெடித்திருக்கிறது. கழற்றி, அமரும் இடத்தைத் துடைத்து, மரையில் தேன்மெழுகு ஒரு துளி தடவி மாட்டுங்கள். வாயில் மெழுகு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போது வராமல், டிரிகரை இழுக்கும்போது மட்டும் வந்தால், முன்வாயில் அடைப்பு. காற்று வெளியேற முடியாமல் நாசில் வழியாகத் திரும்புகிறது. கேப்பைக் கழற்றித் துடைத்தாலே சரியாகலாம்.

கோடு ஒதுங்குவது: மெலிதாக்கிய பெயிண்டால் காகிதத்தில் ஒரு புள்ளி அடியுங்கள். இப்போது நட்டைத் தளர்த்தி ஊசியை மட்டும் கால் சுற்று திருப்பி, மறுபடி அடியுங்கள். ஒதுங்கும் பக்கமும் கூடவே திரும்பினால் ஊசி வளைந்திருக்கிறது. திரும்பவில்லை என்றால் கேப்பைச் சுத்தம் செய்து பாருங்கள். அப்போதும் இடப்பக்கமே போகிறது என்றால் நாசில் வாய் நசுங்கியிருக்கிறது. ஊசி என்றால், அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் படுக்கவைத்து, விரலால் உருட்டுங்கள். முனை எழும்பி இறங்குவது வெளிச்சத்தில் தெரியும். லேசான வளைவை நகத்தால் கண்ணாடியோடு அழுத்தி, சுழற்றிக்கொண்டே பின்னுக்கு இழுத்து நிமிர்த்தலாம். அதன் பிறகு 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு, முனையை நோக்கியே மெதுவாகச் சுழற்றி இழுத்தால் கொக்கியும் போய்விடும். மடங்கிப் பல் தெரிகிற அளவுக்கு என்றால் விட்டுவிடுங்கள். அதை நிமிர்த்தினால் நாசிலுக்குள் சுரண்டும்.

டிரிகர்: இரவு ஊறல்களில் மசகு போயிருக்கும். ஊசியின் பின்தண்டில், அதாவது பேக்கிங்கில் உரசும் பகுதியில், ஏர்பிரஷ்ஷுக்கென்று விற்கும் மசகில் ஒரு சொட்டு தடவிச் செருகுங்கள். டிரிகரின் அடியில் இன்னொரு சொட்டு. முனைப்பக்கம் படக்கூடாது. சிலிக்கான் கலந்த எண்ணெய்ப் ஸ்பிரேக்கள் வேண்டாம். அவை பெயிண்டில் கலந்தால் மேற்பரப்பில் மீன்கண் மாதிரி குழி குழியாக விழும், அதைத் துரத்துவது பெரிய வேலை. மசகு போட்ட பிறகும் கரகரப்பு இருந்தால் பேக்கிங்கைச் சுற்றிப் பெயிண்ட் சேர்ந்திருக்கிறது. பல்லிடுக்குத் தூரிகையைக் கிளீனரில் நனைத்துப் பின்பக்கத்திலிருந்து விட்டு எடுங்கள். பேக்கிங் திருகை இறுக்க வேண்டாம். ஊசி போகும்போது லேசான பிடிப்பு தெரிந்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு நாசில்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், ஊசியையும் சேர்த்துப் பாருங்கள். வளைந்த பழைய ஊசியைப் புது நாசிலுக்குள் விட்டால் அதன் வாயும் சீக்கிரமே போய்விடும். இரண்டையும் ஒரே மாடலுக்கு, ஒரே 0.3 அளவில் வாங்குங்கள். வேறு அளவு ஊசி உள்ளே நுழையும், ஆனால் வாயை முழுதாக மூடாது.